இடப்பெயரும் தேடுபொறியும்: திறவுச்சொல்லின் கடுமையை அளக்கும் முறை, பேத்தமங்களாவை முன்வைத்து

கருநாடக மாநிலத்துக் கோலார் மாவட்டத்தில், தங்கவயல் நகருக்கு அண்மையில், பாலாற்றங்கரையில் அமைந்த ஊர் பேத்தமங்களா. இவ்வூரின் பெரிய ஏரியிலிருந்தே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தங்கவயலின் சுரங்கங்களுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் குழாய்வழி நீர் சென்றது. 1880 முதல் 2001 வரை இயங்கிய சுரங்கங்களில் உழைத்தோருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து குடியேறியவர். ஆகவே பேத்தமங்களா கன்னட நாட்டு ஊராயினும் தமிழ் வழக்கிலும் நெடுநாள் பயின்ற பெயராகும்.

இவ்வூரைப் பற்றித் தமிழில் எழுதவோ மொழிபெயர்க்கவோ புகுவார் எதிர்கொள்ளும் முதல் வினா எழுத்தைப் பற்றியது. பேத்தமங்களா, பேத்தமங்கலா, பேத்தமங்கலம், பேதமங்கலம் என வரும் வடிவங்களுள் எதனை மேற்கொள்வது? அச்சு நூலில் இவ்வேறுபாடு பெரிதன்று. எவ்வடிவம் நின்றாலும் படிப்பவர் ஊரை உணர்ந்துகொள்வார். இணையத்திலோ நூலைத் திறக்கும் முன்னரே சொல் வேண்டப்படுகிறது. தேடுபவர் இடும் வடிவமும் எழுதியவர் இட்ட வடிவமும் பொருந்தாவிடின் இருவரும் சந்திக்காமலே போகலாம். இவ்விடத்தில்தான் வணிக உலகில் தோன்றிய ஓர் அளவை மொழிபெயர்ப்பாளரின் பணிமேடைக்கு வந்துசேர்கிறது. ஒரு திறவுச்சொல்லைக் கொண்டு தேடல் முடிவுகளின் முதற்பக்கத்தில் இடம்பெறுவது எத்துணைக் கடுமையானது என்பதை 0 முதல் 100 வரையுள்ள ஓர் எண்ணால் கூறுவதே அவ்வளவை. மொழிபெயர்ப்பாளரிடம் இன்று பல நிறுவனங்கள் மூலத்துடன் இவ்வெண்கள் அடங்கிய பட்டியலையும் சேர்த்தே தருகின்றன. எண் சிறிதாக உள்ள சொல்லைத் தெரிந்தெடுக்குமாறு அறிவுறுத்தவும் செய்கின்றன. அவ்வெண் எதனை அளக்கிறது, தமிழுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

கடுமை யாருடையது?

'திறவுச்சொல் கடினம்' என்றோ 'சொற்கடினத்தன்மை' என்றோ இக்கலைச்சொல் தமிழில் பெயர்க்கப்படுவதுண்டு. இப்பெயர்ப்பு ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. தமிழ் மரபில் அருஞ்சொல் என்பது பொருள் அரிதாகிய சொல். அதன் அருமை சொல்லின்மேலேயே நிற்பது. தேடுபொறித் துறையார் கூறும் கடுமையோ சொல்லுக்கு உரியதன்று. 'வீடு' என்னும் மிக எளிய சொல்லுக்கு அளவை எண் மிக உயர்ந்து நிற்கக்கூடும். வழக்கிறந்த அருஞ்சொல் ஒன்றிற்கு அது சுழியாக இருக்கக்கூடும். முன்னரே முதல் பத்து இடங்களில் நிற்கும் பக்கங்களின் வலிமையே எண்ணாக மாற்றப்படுகிறது. சந்தையில் இடம்பிடித்திருக்கும் கடைகளை எண்ணிப் புதுக் கடைக்குள்ள இடர்ப்பாட்டை மதிப்பிடுவது போன்றது இது. விற்கும் பொருளின் தன்மை அக்கணக்கில் வராது.

'போட்டி' என்னும் சொல்லும் இதற்கு ஏற்றதன்று. கூகுள் நிறுவனம் விளம்பரதாரர்க்கென 2013-இல் அமைத்த திறவுச்சொல் திட்டமிடு கருவியில் 'போட்டி' என்பது வேறொன்றைக் குறிக்கிறது. ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் விளம்பர இடங்கள் எத்தனை, அவற்றுள் நிரப்பப்பட்டவை எத்தனை என்னும் விகிதமே அங்கு 0 முதல் 100 வரையுள்ள எண்ணாகக் காட்டப்படுகிறது. அது காசு கொடுத்துப் பெறும் இடத்தைப் பற்றியது. ஏரியின் வரலாற்றைத் தேடுவோர்க்கு விளம்பரம் காட்டக் கருதும் வணிகர் எவரும் இலர். ஆகவே அச்சொல்லுக்குப் போட்டி 'குறைவு' என்றே வரும். அதனைக் கண்டு இயல்பான முடிவுகளிலும் இடம் எளிது என்று முடிவுசெய்தல் பிழை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு எழுதப்பட்ட கையேடுகள் பல உள. இம்மயக்கம் நீங்க, 'இடம்பெறு கடுமை' என்னும் வினைத்தொகை அமைந்த தொடர் பொருத்தமாகும். இக்கட்டுரையில் அத்தொடரே ஆளப்படுகிறது.

அளக்கும் முறை

தகவல் மீட்பியலில் சொல்லை எடைபோடும் மரபு பழமையானது. 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ், ஆவணத் தொகுதியில் மிகப் பல ஆவணங்களில் வரும் சொல் குறைந்த எடையும், சிலவற்றில் மட்டும் வரும் சொல் மிகுந்த எடையும் பெறவேண்டும் என்று நிறுவினார். அங்கு ஆராயப்பட்டது சொல்லின் பரவல். 1998-இல் செர்கேய் பிரின், லாரி பேஜ் ஆகிய இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வெளியிட்ட முறை கவனத்தைச் சொல்லிலிருந்து இணைப்புக்குத் திருப்பியது. ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்கள் எத்தனை, சுட்டுவோரின் தகுதி யாது என்பதைக் கொண்டு அப்பக்கத்தின் சிறப்பு கணிக்கப்பட்டது. இடம்பெறு கடுமை என்னும் அளவை இவ்விரண்டாம் மரபின் வழித்தோன்றல். தேடுபொறிகள் இதனைத் தாமே வெளியிடுவதில்லை. அவற்றின் நடத்தையைப் புறத்தேயிருந்து நோக்கும் தனியார் கருவிகளே இதனைக் கணிக்கின்றன. எனவே இது தேடுபொறியின் உள்ளளவு அன்று. வெளியார் செய்யும் மதிப்பீடே.

கருவிக்குக் கருவி கணக்கு வேறுபடும். ஏஹ்ரெஃப்ஸ் என்னும் கருவி, முதல் பத்து முடிவுகளுள் ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை வெவ்வேறு தளங்கள் இணைப்பால் சுட்டுகின்றன என்று எண்ணி, மிகைப்பட்டனவற்றை நீக்கிச் சராசரி கண்டு, அதனை மடக்கை அளவுகோலில் 0 முதல் 100 வரை அமைக்கிறது. மோஸ் என்னும் கருவி, பக்கச் செல்வாக்கு, தளச் செல்வாக்கு என்னும் தன் இரு மதிப்புகளை அடிப்படையாகக் கொள்கிறது. செம்ரஷ் கருவி, இணைப்புகளோடு தளத்தின் மதிப்பு, முடிவுப் பக்கத்தில் தோன்றும் சிறப்புப் பெட்டிகள் முதலியவற்றையும் சேர்த்துக் கணிக்கிறது. 14 வரையுள்ளதை 'மிக எளிது' என்றும், 85-க்கு மேற்பட்டதை 'மிகக் கடினம்' என்றும் வகுக்கிறது. இவற்றால் ஒரே சொல்லுக்கு மூன்று கருவிகள் மூன்று எண்களைத் தருவது இயல்பு. ஒரு கருவியின் 30-ஐ மற்றொன்றின் 30-உடன் ஒப்பிடுதல், ஒரு நாட்டு முழக்கோலால் அளந்ததை வேறு நாட்டு முழக்கோலால் அளந்ததோடு ஒப்பிடுவதை ஒக்கும்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் கணக்கின் இயல்பு விளங்கும். ஓர் ஊர்ப்பெயரைத் தேடும்போது வரும் பத்துப் பக்கங்களைச் சுட்டும் தளங்களின் எண்ணிக்கை முறையே 3, 0, 1, 2, 0, 240, 1, 0, 4, 2 என்று கொள்வோம். இவற்றின் கூட்டுத்தொகை 253, சராசரி 25.3. இவ்வெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் இடம்பெறுவது ஓரளவு கடுமையானது எனத் தோன்றும். ஆனால் 240 என்பது ஒரே ஒரு பெருந்தளத்தின் பக்கத்தால் வந்தது. மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் நீக்கி எஞ்சிய எட்டுக்குச் சராசரி கண்டால் 1.6 வருகிறது. இடைநிலை எண்ணைக் கண்டால் 1.5. சராசரி காணும் முறை ஒன்று மாறியதால் 'ஓரளவு கடுமை' என்பது 'மிக எளிது' என்றாகிவிட்டது. முறை யாதென அறியாமல் எண்ணை மட்டும் பெறுவார்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

மடக்கை அளவுகோலும் கருதத்தக்கது. ஏஹ்ரெஃப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, கடுமை 10 எனப்படும் சொல்லுக்கு முதல் பத்து இடங்களுக்குள் வர ஏறத்தாழ 10 தளங்களின் இணைப்பு வேண்டும், 20-க்கு 22, 50-க்கு 84, 80-க்கு 353, 90-க்கு 756. 10-இலிருந்து 20-க்கு ஏற 12 தளங்கள் போதும். 80-இலிருந்து 90-க்கு ஏற 403 தளங்கள் வேண்டும். படிகள் ஒரே அளவினவாகத் தோன்றினும் அவற்றின் உயரம் ஒன்றன்று. 40 என்பது 20-இன் இருமடங்கு கடுமை என்று உரைப்பது இவ்வளவுகோலின் இயல்பறியாது உரைப்பதாகும்.

இணைப்பை மட்டும் எண்ணும் முறையில் ஒரு குறையும் உண்டு. அரசுத் தளம் ஒன்றின் உட்பக்கத்தை வேறெவரும் சுட்டாதிருக்கலாம். எனினும் தளத்தின் முழுமதிப்பால் அப்பக்கம் முதலிடத்தில் நிற்கக்கூடும். பக்கத்தின் இணைப்பை எண்ணும் கருவி அதற்குச் சுழி இடும். புதிதாக வருபவர் அதனை எளிதில் வெல்லலாம் என்று நம்புவார். தளச் செல்வாக்கையும் கணக்கிடும் கருவி இவ்வாறு ஏமாறுவதில்லை. ஆயின் அச்செல்வாக்கும் அந்நிறுவனமே வகுத்துக்கொண்ட மதிப்பு.

ஆய்வுலகில் 'கடினத் தேடல்' என்னும் வழக்கு வேறு பொருளில் வரும் என்பதையும் சுட்டுதல் வேண்டும். 2002-இல் குரோனன்-டவுன்சென்ட், சோ, குரோஃப்ட் ஆகியோர் முன்வைத்த தெளிவு மதிப்பு, ஒரு வினாவுக்குக் கிடைக்கும் ஆவணங்களின் சொல்லாட்சி பொதுச் சொல்லாட்சியினின்று எவ்வளவு வேறுபட்டுக் குவிந்திருக்கிறது என்பதை அளக்கிறது. அங்குக் கடினம் என்பது தேடுபொறி பொருளை அறிந்து விடைதருவதில் உள்ள இடர். வணிகக் கருவிகளில் அது எழுதுவோர் இடம்பெறுவதில் உள்ள இடர். முன்னது படிப்பவர் பக்கம் நிற்பது. பின்னது எழுதுபவர் பக்கம் நிற்பது. தமிழ்ப் பெயர்களில் உண்மையான சிக்கல் பெரிதும் முன்னதைச் சார்ந்தது என்பது கீழே விளங்கும்.

ஒரு பெயர், பதினாறு வடிவங்கள்

கன்னடத்தில் இவ்வூர்ப்பெயரின் பின்பகுதி லகரம் பெற்றுக் குறில் அகரத்தில் முடியும். தமிழில் மகர ஈறு பெறும் பெயர்கள் கன்னடத்தில் அகர ஈற்றனவாக நிற்றல் 'மரம்' - 'மர' முதலியவற்றால் அறியப்பட்டதே. அம்முறையில் இவ்வூர்ப்பெயர் தமிழில் 'மங்கலம்' என முடிதல் இயல்பு. மங்கலம் என்பது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர்களின் பெயரீறாகத் தமிழகமெங்கும் பயில்வது. ஆனால் ஆங்கில எழுத்தில் கண்ட வடிவத்தைத் திரும்பத் தமிழாக்குவார் இறுதி அகரத்தை நெடிலாக்கி 'மங்கலா' என்கின்றனர். ஆங்கில எழுத்தில் லகர ளகர வேறுபாடு இல்லாமையாலும், 'மங்கள' என்னும் வடிவம் கன்னடத்தில் தனித்தும் வழங்குவதாலும் 'மங்களா', 'மங்களம்' என்பனவும் தோன்றுகின்றன. ஆக, ஈறு நான்கு.

முற்பகுதியில் தகரம் ஒற்றையா இரட்டையா என்பது அடுத்த சிக்கல். தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் வல்லினம் மெலிந்து ஒலிக்கும். கன்னட மூலத்தின் வல்லொலியைக் காக்க விரும்புவார் 'த்த' என இரட்டிக்கின்றனர். எழுத்துக்கு எழுத்து பெயர்ப்பார் 'த' என நிறுத்துகின்றனர். முதலெழுத்து ஏகாரமா எகரமா என்னும் ஐயமும் ஆங்கில எழுத்தால் விளைவதே. இரண்டை இரண்டால் பெருக்கி நான்கால் பெருக்கினால் பதினாறு வடிவங்கள். எல்லாமே வழக்கில் பயில்வன அல்ல; ஆயினும் அவற்றுள் எதுவும் எழுத முடியாததன்று.

இனி வேற்றுமை உருபுகள் சேரும்போது பிளவு மேலும் விரிகிறது. மகர ஈற்றுப் பெயர் அத்துச் சாரியை பெற்றுப் 'பேத்தமங்கலத்தில்' என்றாகும். ஆகார ஈற்றுப் பெயர் வகர உடம்படுமெய் பெற்றுப் 'பேத்தமங்கலாவில்' என்றாகும். இவ்விரு வடிவங்களுக்கும் பொதுவாக எஞ்சும் எழுத்துத்தொடர் 'பேத்தமங்கல' என்பது மட்டுமே. அத்தொடரோ தனித்து ஒரு சொல் அன்று. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரோடு முன்னிடைச்சொல் தனித்து நிற்பதால் பெயர் சிதைவதில்லை. அம்மொழியை மனத்திற்கொண்டு வகுத்த கருவிகள் சொல்லை எழுத்துத்தொடராகவே எண்ணுகின்றன.

இதன் விளைவு கணக்கில் தெளிவாகக் காணப்படும். ஓர் ஊரைப் பற்றி மாதந்தோறும் நூற்றறுபது பேர் தமிழில் தேடுகின்றனர் என்றும், அவர்கள் பதினாறு வடிவங்களிலும் சமமாகப் பிரிகின்றனர் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வடிவத்துக்கும் பத்துப் பேரே வருவர். உருபேற்ற வடிவங்களையும் சேர்த்தால் அவ்வெண் இன்னும் குறையும். குறைந்த அளவினவற்றைக் கருவிகள் தம் சொற்களஞ்சியத்தில் சேர்ப்பதில்லை. சேர்ப்பினும் தேடல் எண்ணிக்கை 0 என்றே காட்டும். எவரும் சுட்டாத பக்கங்களே முதலில் நிற்பதால் கடுமையும் 0 என்றே வரும். இவ்வூரின் பழம்பெயர் விசயாதித்தமங்கலம். வாண அரசர் காலத்துப் பெயராகிய இதனைக் கல்வெட்டாய்வாளர் சிலரே இன்று தேடுவர். அதற்கும் கருவி காட்டக்கூடியது 0 தான். எவரும் தேடாமையால் வரும் சுழியும், பலர் பலவாறு தேடுவதால் வரும் சுழியும் பட்டியலில் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக நிற்கின்றன. முன்னது பொருளில்லாச் சுழி. பின்னது எழுத்து நிலைபெறாமையின் அடையாளம். அளவை இவ்விரண்டையும் பிரித்தறியாது.

கோலார் என்னும் பெயரும் இத்தகையதே. கங்கர் தலைநகராக இருந்த காலத்தில் இது குவளாலபுரம். நன்னூல் இயற்றிய பவணந்தியாரைப் புரந்த சீயகங்கன் தன்னைக் குவளாலபுரத்துத் தலைவன் எனக் கூறிக்கொண்ட மரபினன். அண்மைக்காலத்தில் பௌரிங்பேட்டை பங்காரப்பேட்டையானது போன்ற மாற்றங்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. பழைய ஆவணத்தின் பெயர் ஒன்று, தேடுபவர் அறிந்த பெயர் ஒன்று என்னும் நிலை இங்கு விதிவிலக்கன்று.

தங்கவயலும் திரைப்படமும்

'தங்கவயல்' என்பது ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. நிலவியலில் பொன் கிடைக்கும் பரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை உழவு நிலமாகக் கொண்டு 'வயல்' என்றது கண்டிப்பான மொழிபெயர்ப்பாளர்க்கு உவப்பளிக்காமல் இருக்கலாம். எனினும் தொழிலாளர் வாழ்வில் வேரூன்றிய அழகிய பெயர் அது. அதனைத் திருத்த முற்படுதல் வீண். சிக்கல் எழுதுவதில்தான். 'தங்கவயல்' எனச் சேர்த்தும் 'தங்க வயல்' எனப் பிரித்தும், 'தங்கச் சுரங்கம்' என ஒற்று மிகுந்தும் 'தங்க சுரங்கம்' என மிகாமலும் எழுதுகின்றனர். விசைப்பலகையில் விரைந்து இடுவோர் வல்லொற்றைப் பெரும்பாலும் விடுகின்றனர். இலக்கணப்படி எழுதியவரின் பக்கம் இவ்வேறுபாட்டால் பின்தங்க நேரின் அது வருந்தத்தக்கது.

ஆங்கில முதலெழுத்துகளால் அமைந்த 'கே.ஜி.எஃப்.' என்னும் சுருக்கப் பெயரின் வரலாறு இடம்பெறு கடுமையின் இயல்பை வேறெதனினும் நன்கு காட்டும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வட்டார மக்கள் தம் ஊரை இப்பெயராலேயே சுட்டினர். 2018 திசம்பர் 21-இல் பிரசாந்த் நீல் இயக்கத்தில் யாஷ் நடித்த கன்னடத் திரைப்படம் இப்பெயரோடு வெளிவந்தது. தமிழ் உட்படப் பிற மொழிகளிலும் குரல்மாற்றம் செய்யப்பட்டது. அதன் இரண்டாம் பகுதி 2022 ஏப்ரல் 14-இல் வந்தது. நாளிதழ்கள், திரைச் செய்தித் தளங்கள், காணொளித் தளங்கள் எனப் பெருவலிமை உடையன அனைத்தும் இப்பெயரில் பக்கங்களை இட்டன. பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஊரும் மாறவில்லை. ஆனால் அப்பெயரால் முதற்பக்கத்தில் இடம்பெற விரும்பும் ஊர் வரலாற்றுக் குறிப்பு ஒன்று, முன்னர் எதிர்கொள்ளாத கூட்டத்தை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கு எண் காட்டாத மற்றொன்றும் உண்டு, தேடுபவரின் கருத்து. அப்பெயரை இடுவோருள் பெரும்பாலோர் திரைப்படத்தையே வேண்டுவாராயின், அவர்க்கு ஊர் வரலாற்றைக் காட்டுதல் தேடுபொறியின் நோக்குக்கு மாறானது. ஊர்ப்பக்கம் ஆயிரம் இணைப்புகளைப் பெறினும் முதலிடம் கிடைப்பது ஐயமே. வலிமை குறைந்ததால் பின்தங்குதல் வேறு, பொருள் வேறுபட்டதால் விலக்கப்படுதல் வேறு. இணைப்பை எண்ணும் அளவை முன்னதை மட்டும் அறியும்.

மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத் தக்கது

ஆகவே பட்டியலில் உள்ள எண்ணைக் காண்பதற்கு முன் அச்சொல்லைத் தாமே தேடி முதல் பத்து முடிவுகளைப் படித்தல் மொழிபெயர்ப்பாளரின் முதற்கடமையாகும். அவை தம் பொருளைப் பற்றியனவா, தமிழில் எழுதப்பட்டனவா, முழுமையானவையா என்பதைக் கண்ணால் காணுதல் எந்த எண்ணினும் நம்பத்தக்கது. பொதுப்பெயர் வேறொரு பொருளால் கவரப்பட்டிருப்பின், அதனைக் கைவிடாது வேறுபடுத்தும் சொல்லைச் சேர்த்தல் தகும். 'கே.ஜி.எஃப். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு' என்னும் தொடரைத் தேடுவோர் சிலரே. ஆனால் அவர்கள் திரைப்படத்தைத் தேடுவோர் அல்லர்.

எழுத்து வேறுபாட்டுக்குத் தீர்வு, எல்லா வடிவங்களையும் பக்கமெங்கும் இறைப்பதன்று. அது படிப்பவரை அயர்விப்பது. தேடுபொறிகளும் அதனை ஏய்ப்பாகவே கொள்கின்றன. தலைப்பில் ஒரு வடிவத்தை உருபேற்றாமல் எழுவாயாக நிறுத்தி, முதற்பத்தியில் பிற வடிவங்களுள் வழக்கில் உள்ள இரண்டு மூன்றை 'எனவும் வழங்கும்' என்னும் தொடரால் சுட்டுதல் அகராதி மரபுக்கும் உகந்தது. ஒரு நூலுக்குள்ளோ தளத்துக்குள்ளோ ஊருக்கு ஒரு வடிவமே தலைமை வடிவமாக இருத்தல் வேண்டும். எவ்வடிவம் என்பதை முடிவுசெய்யும்போது அவ்வூர்த் தமிழரின் வழக்கு முதற்சான்றாகும். கன்னட எழுத்து வடிவம் அடுத்தது. ஆங்கில எழுத்துவழி மீண்டு வந்தது கடைசி. இவ்வரிசையில் நோக்கின் 'பேத்தமங்கலம்' என்பதற்கு மொழியியல் ஆதரவு மிகுதி. 'பேத்தமங்களா' என்பது ஆவணங்களில் ஏறிவிட்டமையால் அதனைப் பக்கத்திலிருந்து நீக்கிவிடவும் இயலாது. மாற்று வடிவமாக அது முதற்பத்தியில் நிற்கும்.

வரலாற்று எழுத்தாளர், அஞ்சல் துறை, நிலப்படம் வரைவோர், செய்தித்தாள் அலுவலகத்தார் ஆகியோர் இப்பெயர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பெயர்த்துக்கொள்கின்றனர். கோலார் மாவட்டத்து ஊர்ப்பெயர்களுக்குத் தமிழ்த் தலைமை வடிவமும் மாற்று வடிவங்களும் அடங்கிய அட்டவணை ஒன்று இருப்பின், பதினாறாகச் சிதறிய தேடல்களை ஒரே ஊரின்கீழ்க் கூட்டிக் காண இயலும். உரிகம், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை எனத் தங்கவயலுக்குள்ளேயே அத்தகைய பெயர்கள் பல உள. அவற்றுள் பாதி ஆங்கிலேயர் இட்டவை, பாதி அவர்கள் காதில் விழுந்தவாறு எழுதியவை.